புற்றைத் தொடாத மருந்து

கேள்வி: அப்பாவுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் டிரிப்பில் ஏற்றுகிறார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு நாளைக்கு ஐந்தாறு தடவை பேதியாகிறது. "கீமோ இல்லையே, வெறும் வயிற்றுக்கோளாறுதான்" என்று மாத்திரை போட்டுக்கொள்கிறார். நாலு நாள் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் புற்றுநோய்ப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இந்த மருந்து புற்றணுவைத் தொடுவதே இல்லை. அது தேடிப் போவது நம்முடைய டி அணுக்களை, அதாவது நோயுற்ற அணுக்களைக் கொல்லும் வெள்ளையணுக்களை. டி அணுவின் மேல் பிடி-1 என்றொரு புரதம் துருத்திக்கொண்டிருக்கும். சொந்த உடலையே தாக்கிவிடாமலிருக்க அமைந்த பிரேக் அது. மெலனோமா அணு பலே கெட்டிக்காரன்: தன் மேல் பிடி-எல்1 என்ற புரதத்தை வளர்த்துக்கொண்டு, நெருங்கி வரும் டி அணுவின் பிரேக்கை அழுத்திவிடும். கொல்ல வந்தது பக்கத்திலேயே சும்மா நிற்கும். பெம்ப்ரோலிசுமாப் ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஓர் இலக்கில் மட்டும் போய் ஒட்டும் புரதம். பிடி-1 மீது ஒட்டிக்கொண்டு அதை மூடிவிடுகிறது. புற்றணுவுக்குப் பிரேக் எட்டாமல் போகிறது. இந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கலும் இங்கேதான். பிரேக் இல்லாத டி அணு புற்றோடு நின்றுவிடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. குடலைத் தாக்கினால் பேதி, நுரையீரலைத் தாக்கினால் வறட்டு இருமல், தைராய்டைத் தாக்கினால் தீராத சோர்வு. தோலின் நிறமி அணுக்களைத் தாக்கி வெள்ளைத் திட்டும் வரலாம். அதற்கு மட்டும் பதறாதீர்கள், மருந்து வேலை செய்வதன் அடையாளமாகவே அதைப் பெரும்பாலும் பார்க்கிறோம்.

குடல் அப்படியல்ல. வழக்கத்தைவிட நான்கு தடவை கூடினாலே அடுத்த டோஸை நிறுத்திவைப்பார்கள். பேதியை அடக்கும் மாத்திரை, டி அணுக்கள் தாக்கியதால் குடலில் உண்டான அழற்சியைத் தணிக்காது, மறைக்கத்தான் செய்யும்; முற்றினால் குடலில் ஓட்டையே விழலாம். மலத்தைப் பரிசோதித்து, கிருமி காரணமில்லை என்றால், நோய் எதிர்ப்பை அடக்கி அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு தருவார்கள். அதைச் சில வாரங்களில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பேதி நின்றதும் அப்பா தானாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டீராய்டு எடுத்தால் சிகிச்சை வீணாகிவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி எடுத்த பிறகும் பலருக்குப் புற்று சுருங்கியே இருக்கிறது.

இன்னொன்று: வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் மருந்தின் பெயரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கடைசி டோஸுக்குப் பல மாதம் கழித்தும் இந்த அழற்சி தலைகாட்டும்.