ஏற்றிவிட்ட குணமே இறக்கிவிடுமா? – கேள்வி பதில்

சென்னை நிறுவனங்களில் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். நம்முடைய பலமே பலவீனமாவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (சோழிங்கநல்லூர்): ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். வேலையில் தப்பே இருக்காது என்று பெயரெடுத்துத்தான் பதவி உயர்வு வாங்கினேன். இப்போது அப்ரைசலில் 'எல்லாவற்றிலும் தலையிடுகிறார்' என்கிறார்கள். நான் மாறவே இல்லையே?

பதில்: மாறவில்லை, அதுதான் சிக்கல். வேலை மாறிவிட்டது. தனியாக கோட் எழுதியபோது உங்கள் நுணுக்கத்தால் போனது உங்கள் தூக்கம் மட்டும். இப்போது டீமே உங்கள் ஓகேவுக்காகக் காத்துக்கிடக்கிறது.

அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்பில் மெக்கால், லொம்பார்டோ என்ற இருவர், உச்சிக்குப் போன அதிகாரிகளையும் பாதியில் தடம்புரண்டவர்களையும் ஒப்பிட்டு 1983-ல் எழுதினார்கள். தடம்புரண்டவர்களும் திறமைசாலிகள்தான். மேலே கொண்டுவந்த குணமே சிலருக்குக் காலை வாரியிருந்தது.

பணம் கைமாறும் பகுதியை வரிவரியாக நீங்களே பாருங்கள். பட்டன் நிறத்தை விட்டுவிடுங்கள். தப்பு கண்ணில் பட்டால் கமென்ட் போடுங்கள், நீங்களே திருத்தாதீர்கள். கை அரிக்கும். அரிக்கட்டும்.

கேள்வி (பாரிமுனை): ஸ்டேஷனரி மொத்த வியாபாரம். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. கூட்டம் வந்ததே அதனால்தான். இப்போது கடையில் இருக்கிற சரக்கைவிட வெளியே நிற்கிற பாக்கி அதிகம். கறாராக மாறணுமா?

பதில்: வேண்டாம், உங்களால் முடியவும் முடியாது. நெதர்லாந்துக்காரரான நிர்வாகப் பயிற்சியாளர் டேனியல் ஆஃப்மன் நான்கு கட்டம் போடச் சொல்வார். முதலில் உங்கள் குணம்: தாராளம். அது மிஞ்சினால் ஏமாளித்தனம். ஏமாளித்தனத்துக்கு நேர் எதிரான நல்ல குணம் கணக்கு. கணக்கு மிஞ்சினால் கஞ்சத்தனம். இந்த நாலாவது கட்டத்தை அவர் ஒவ்வாமை என்கிறார். கஞ்சனைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது, இல்லையா? அந்தப் பயத்தில்தான் கணக்குப் பக்கமே போகாமல் இருக்கிறீர்கள்.

தாராளத்தைக் குறைக்காதீர்கள், கணக்கைச் சேருங்கள். ஆளுக்கு ஆள் கடன் வரம்பு வையுங்கள். பழைய பில் அடைந்தால்தான் புதுச் சரக்கு. பாக்கி நோட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, "தம்பிகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (அண்ணா நகர்): வெட்டு ஒன்று துண்டு ரெண்டு என்று பேசுவேன். ஆபீஸில் அதற்காகவே மதித்தார்கள். வீட்டில் மருமகள் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

பதில்: ஆபீஸில் உங்கள் பேச்சைக் கேட்டவர்களுக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது. மருமகளுக்கு? அவர் கேட்டால் மட்டும் கருத்துச் சொல்லுங்கள். கேட்கவே மாட்டார் என்கிறீர்களா? அதுவும் ஒரு பதில்தான்.

கேள்வி (தாம்பரம்): இன்டர்வியூவில் பலவீனம் என்ன என்று கேட்டால் 'நான் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்' என்று சொல்லலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு முன்னால் உள்ளே போனவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

கேள்வி (கிண்டி): குணம் எல்லை தாண்டுவதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் அப்ரைசலில் தெரியாது. அங்கே அதிகம் என்றாலே நல்லது. அதிகாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் ராபர்ட் கேப்லன், ராபர்ட் கைசர் இருவரும் வேறு அளவுகோல் வைத்தார்கள்: நடுவில் பூஜ்யம்தான் சரியான அளவு, ஒரு பக்கம் 'போதவில்லை', மறுபக்கம் 'மிஞ்சிப்போச்சு'. உங்கள் நாலைந்து குணங்களை இப்படி ஒரு தாளில் போட்டு, கூட வேலை செய்பவரிடம் குறிக்கச் சொல்லுங்கள். உங்களிடம் சம்பளம் வாங்காதவராக இருந்தால் நல்லது.

கேள்வி (வில்லிவாக்கம்): அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். நேரம் தவற மாட்டார். கல்யாணத்துக்குக்கூட எங்களை ரொம்ப முன்னாடியே கிளப்பிவிடுகிறார். இது பலவீனம்தானே?

பதில்: இதில் யாருக்கு என்ன நஷ்டம்? முதல் பந்தியில் இடம் கிடைக்கும். விடுங்கள்.