‘ஜட்ஜைப் பார்த்தாச்சு’ என்று ஒருவர் சொன்னால்...

கேள்வி: எங்கள் வயல்களுக்குப் போகும் வாய்க்காலை ஒருவர் தூர்த்து மனைக்கட்டாக்கிவிட்டார். ஏழு பேர் சேர்ந்து வழக்குப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. இப்போது அவர் டீக்கடையில், ‘ஜட்ஜைப் பார்த்தாச்சு, தீர்ப்பு நமக்குத்தான்’ என்கிறார். புகார் எழுதலாம் என்றால், ‘கோர்ட்டைப் பற்றி வாய் திறந்தால் உள்ளே போட்டுவிடுவார்கள்’ என்று மகன் தடுக்கிறான். பேசலாமா?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: பேசுங்கள் அம்மா. அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். நீதிபதி தவறு செய்தார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒருவர் அப்படிச் சொன்னார் என்பதுதான் தெரியும். அது சுத்தப் பொய்யாக இருக்கலாம். அப்படிச் சொல்லிவிட்டால் ஏழு பேரில் நாலு பேர் சோர்ந்து ஒதுங்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. நாமும் அதை நம்பி, ‘கோர்ட்டே இப்படித்தான்’ என்று வீட்டுக்குள் புலம்பிக்கொண்டிருந்தால் நேர்மையான ஒரு நீதிபதியின் பெயர் கெடும், வாய்க்காலும் போய்விடும்.

மகன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் ‘ஜட்ஜ் காசு வாங்கிட்டார்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டால் வம்புதான். அதைச் செய்யாதீர்கள். யார் சொன்னார், எந்தத் தேதி, என்ன வார்த்தை, கூட இருந்து கேட்டவர்கள் யார் என்று காதால் கேட்டதை மட்டும் எழுதுங்கள். முதலில் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். அப்புறம் கையெழுத்துப் போட்டு உயர் நீதிமன்றப் பதிவாளருக்கு அனுப்பலாம். கீழ்க்கோர்ட் நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்தில் முறையிடுவது அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6-வது பிரிவே சொல்கிறது.

தீர்ப்பு வந்த பிறகும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிக்க 5-வது பிரிவு இடம் தருகிறது. உங்களுக்குப் பக்கத்தில்தானே கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்துபோனார்கள். நாகப்பட்டினத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அது நியாயமில்லை என்று அன்றிலிருந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். அதனால்தான் என் பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த ஊரின் பெயர் தெரியும்.

காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983-ல் டெல்டா விவசாயிகளின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றப் படியேறியது. ‘இது அரசாங்கங்களின் சண்டை, நமக்கென்ன’ என்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. அந்த மனுவில் வந்த உத்தரவுப்படிதான் 1990 ஜூன் 2-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் நமக்கு வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று முடித்தது. முப்பத்தைந்து வருடம்! மனு போட்டவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க இருந்தார்களோ. தண்ணீர் வரவில்லை என்று கடைமடைக்காரர் குரல் கொடுக்காமல் எந்த மதகு திறந்திருக்கிறது?

அடுத்த கிராம சபையில் வாய்க்காலை அளந்து தரச் சொல்லித் தீர்மானமும் கேளுங்கள். வக்கீல் செலவுக்குக் கையில் பணம் இல்லையென்றால் தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். போகும்போது மகனையும் கூட அழைத்துப் போங்கள். அந்த வயல் நாளைக்கு அவனுக்குத்தானே.