கூடைப்பந்தின் ஆரம்பகாலத் தொழில்முறை வீரர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

ஜார்ஜ் மைக்கன். அமெரிக்கக் கூடைப்பந்து அணியான லேக்கர்ஸ் என்றதும் நமக்கு கோபி பிரையன்ட், ஷகீல் ஓ'நீல் பெயர்கள்தான் வாயில் வரும். அந்த அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போவதற்கு முன்பு, மினியாபொலிஸில் இருந்த காலத்தில், அதன் முதல் பெரிய நட்சத்திரம் இவர். 6 அடி 10 அங்குல உயரம், தடித்த மூக்குக்கண்ணாடி, சட்டையில் 99ஆம் எண்.

"உயரமாக இருந்தார், அதனால் ஜெயித்தார்" என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. 1924இல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் பிறந்தவர் மைக்கன். சிறுவயதில் முழங்கால் உடைந்து நீண்ட நாள் படுக்கையில் கிடந்தார். பாதிரியார் ஆகும் எண்ணத்தோடு சிகாகோவில் ஒரு குருமடப் பள்ளியில் படித்தார். 1942இல் டீபால் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, தன் உயரத்தை நினைத்தே கூனிக் குறுகும் பையனாகத்தான் இருந்தார். அவ்வளவு நெட்டையானவர்களால் ஓடியாடி விளையாட முடியாது என்பதுதான் அன்றைக்குப் பொதுவான நினைப்பு.

அந்த வருஷம்தான் டீபாலில் பொறுப்பேற்றிருந்த கோச் ரே மேயருக்கு வயது வெறும் 28. அவர் இந்தப் பையனைக் கயிறு தாண்ட வைத்தார், குத்துச்சண்டைக்காரர்கள் செய்கிற பயிற்சிகளைக் கொடுத்தார், நடனம்கூடக் கற்றுக்கொள்ளச் சொன்னார். எல்லாம் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்பதற்காக. அப்புறம், இன்றும் உலகம் முழுக்க 'மைக்கன் டிரில்' என்று சொல்கிறார்களே, அந்தப் பயிற்சி. ரிங்குக்கு நேர் கீழே நின்று வலது பக்கம் வலது கையால் போட வேண்டும். வலையிலிருந்து விழும் பந்தைத் தரையில் படவிடாமல் பிடித்து, நெஞ்சுக்குக் கீழே இறக்காமல், உடனே இடது பக்கம் இடது கையால் போட வேண்டும். மறுபடி வலது, மறுபடி இடது. பள்ளி அணியில் எங்களுக்கும் இதுதான் அன்றாடப் பாடம். பார்க்க ரொம்ப எளிதாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கடுக்கும், இடது கைப் பந்து போர்டில் தப்பான இடத்தில் பட்டுத் தெறிக்கும், காலடி குழம்பும். இதைச் செய்து பார்த்த யாரும் மைக்கனின் ஆட்டத்தை வெறும் உயரம் என்று சொல்ல மாட்டார்கள். கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பந்தைப் போடும் 'ஹூக் ஷாட்' இரண்டு கையாலும் வந்தது இந்த உழைப்பால்தான்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. கல்லூரி அணிகள் மோதும் 1945 என்ஐடி போட்டியில் ரோட் ஐலண்ட் அணியை டீபால் 97-53 என்று வென்றது. மைக்கன் மட்டும் எடுத்தது 53, எதிரணி மொத்தமாக எடுத்த அதே 53!

அவரைச் சமாளிக்க முடியாமல் விளையாட்டின் விதிகளையே மாற்றினார்கள். கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டிவிடக் கூடாது என்ற விதி 1944இல் கல்லூரி ஆட்டங்களுக்கு வந்ததற்கு அவரும், ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியின் இன்னொரு நெட்டை வீரர் பாப் கர்லண்டும்தான் காரணம். கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்தில் தாக்கும் அணி வீரர் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது அல்லவா? அந்தக் கட்டத்தின் அகலம் வெறும் 6 அடியாக இருந்தது. மைக்கனைக் கூடையிலிருந்து தள்ளி நிறுத்துவதற்காகவே 1951இல் என்பிஏ (அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அதை 12 அடி ஆக்கியது.

இன்னொரு கதை 1950 நவம்பர் 22. மினியாபொலிஸுக்கு வந்த ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணியினர், மைக்கனோடு நேருக்கு நேர் மோதினால் தோல்விதான் என்று முடிவுகட்டி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். ரசிகர்கள் கூச்சல் போட்டும் அசையவில்லை. கடைசியில் 19-18 என்று பிஸ்டன்ஸ் ஜெயித்தது. லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையது. என்பிஏ வரலாற்றில் இதைவிடக் குறைந்த புள்ளிகளில் முடிந்த ஆட்டம் கிடையாது. இந்த ஓர் ஆட்டம் மட்டுமே காரணமில்லை என்றாலும், இப்படிப்பட்ட இழுத்தடிப்புகளால்தான் 1954-55 சீசனில், பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கிப் போட்டாக வேண்டும் என்ற 24 விநாடிக் கடிகாரம் வந்தது.

தொழில்முறை வாழ்க்கை 1946இல் சிகாகோ அமெரிக்கன் கியர்ஸ் அணியில் தொடங்கியது. அடுத்த வருஷமே சாம்பியன். உடனே முதலாளி அணியைப் பிரித்துக்கொண்டு போய்த் தனி லீக் ஆரம்பித்தார், அது சில வாரங்களில் மூடப்பட்டது. அன்றைய தொழில்முறைக் கூடைப்பந்து அந்த லட்சணத்தில்தான் இருந்தது. அப்படித்தான் மைக்கன் லேக்கர்ஸுக்கு வந்தார். 1948 முதல் 1954 வரை ஏழு சீசன்களில் ஆறு பட்டம். விட்டுப்போன ஒன்று 1951, அந்த முறை காலில் எலும்பு முறிவோடு ஆடினார். 1949 இறுதிப் போட்டியின் நடுவே மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டே அடுத்த ஆட்டத்தில் 22 புள்ளிகள் எடுத்தார்.

அந்த 1949 டிசம்பரில் நியூயார்க்கின் நிக்ஸ் அணி ஆடும் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கின் வாசல் பலகையில் லேக்கர்ஸ் பெயரே இல்லை. ஜார்ஜ் என்பதைச் சுருக்கி 'ஜியோ மைக்கன் எதிர் நிக்ஸ்' என்றுதான் போட்டிருந்தார்கள். சக வீரர்கள் உடை மாற்றாமல் உட்கார்ந்துகொண்டு, "நீயே தனியாகப் போய் ஆடு" என்று கிண்டல் செய்தார்களாம்.

ஓய்வுக்குப் பிறகு வக்கீல் தொழில். 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1967இல் என்பிஏவுக்குப் போட்டியாகப் புதிதாகத் தொடங்கிய ஏபிஏ லீக்கின் முதல் ஆணையர் ஆனார். வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடும், சிவப்பு-வெள்ளை-நீலப் பந்தும் அவர் தலைமையில் வந்தவை. பின்னாளில் என்பிஏ எடுத்துக்கொண்ட அந்தக் கோடு இல்லாமல் தூரத்திலிருந்தே போட்டுத் தள்ளும் ஸ்டீபன் கரியின் ஆட்டத்தை நினைத்துப் பார்க்க முடியுமா?

கடைசிக் காலம்தான் மனதைக் கஷ்டப்படுத்துகிறது. நீரிழிவு நோயால் 2000இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. 1965க்கு முன்னால் ஆடிய வீரர்களுக்குக் கிடைத்த ஓய்வூதியம் மிகச் சொற்பம். அதை உயர்த்தச் சொல்லி அந்த நிலையிலும் போராடினார். லீக் கோடிகளில் புரண்டுகொண்டிருந்த 2005 ஜூன் 1 அன்று இறந்தார். இறுதிச் செலவை ஷகீல் ஓ'நீல் ஏற்றுக்கொண்டார். ஷகீலின் மீது எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி இதற்காகத்தான். மைக்கனின் 99ஆம் எண்ணை இனி யாரும் அணியக் கூடாது என்று லேக்கர்ஸ் அதற்கு ஓய்வு கொடுத்துக் கௌரவித்தது 2022 அக்டோபரில். உயிரோடு இருந்தபோதே அதைச் செய்திருக்க வேண்டும்.