மேலூர் அப்பாவுக்கு: உளவியல் புத்தகம் வாங்கும் முன்

ஐயா, வணக்கம். பிளஸ் டூ முடித்த மகள் உளவியல் படிக்க ஆசைப்படுகிறாள், என்ன புத்தகம் வாங்கலாம், எந்தச் செயலியை இறக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்புதானே?" என்று உறவினர்கள் கேட்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குப் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம். முதலில் பர்ஸை மூடி வையுங்கள்.

முதல் புத்தகத்துக்குக் காசே வேண்டாம். மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் 11, 12ஆம் வகுப்பு உளவியல் பாடநூல்கள் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளைகள் பெரும்பாலும் 12ஆம் வகுப்பு நூலில் மனநோய்கள் பற்றிய அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். மறுநாளே சித்தப்பாவுக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்தும் விடுவார்கள்! அந்த ஆர்வத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். 11ஆம் வகுப்பு நூலின் இரண்டாம் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சோதனை, நேர்காணல், கருத்தாய்வு என ஆய்வு செய்யும் முறைகளைப் பற்றியது அது. கொஞ்சம் வறட்சியாக இருக்கும். ஆனால் கல்லூரியில் சோறு அதுதான், மற்றதெல்லாம் ஊறுகாய். புள்ளியியலும் கூடவே வரும். கணக்குக்குப் பயந்து உளவியலில் சேர்ந்துவிட்டு, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுத பிள்ளைகள் உண்டு.

அதைத் தாண்டிவிட்டாள் என்றால், டேனியல் கானமன் 2011இல் வெளியிட்ட 'திங்க்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ'. உளவியலாளராக இருந்து 2002இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர் அவர். அந்த நூலின் ஓர் அத்தியாயம் வலுவில்லாத ஆய்வுகளை நம்பி எழுதப்பட்டது என்று 2017இல் அவரே ஒப்புக்கொண்டார். இதைச் சொல்லியே புத்தகத்தைக் கொடுங்கள். எழுதியவரே பிழையை ஏற்றுக்கொள்ளும் துறை இது என்று தெரிந்து படிக்கட்டும். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் தம் நோயாளிகளைப் பற்றி எழுதிய 'தி மேன் ஹூ மிஸ்டுக் ஹிஸ் ஒய்ஃப் ஃபார் எ ஹாட்' கதை போல ஓடும். மனைவியின் தலையைத் தொப்பி என்று நினைத்துப் பிடித்த இசை ஆசிரியரை அவள் மறக்கமாட்டாள். விலை கொடுத்து வாங்கும் முன், மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒருநாள் தேடிப் பார்க்கட்டும். 'எதிராளியின் மனதைப் படிப்பது எப்படி' வகையறா புத்தகங்கள் வேண்டவே வேண்டாம்.

செயலிகளில் எனக்குப் பிடித்தது அன்கி. ஆண்ட்ராய்டு போனில் இலவசம். படித்ததைக் கேள்வி அட்டைகளாக எழுதி வைத்தால், மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பக் கேட்கும். எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியின் வேகத்தை அளந்து 1885இல் வெளியிட்டார். அந்த ஆராய்ச்சியின் வழியில் வந்ததுதான் இது. அடுத்து, அரசின் ஸ்வயம்: உளவியல் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம், சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஐந்து நிமிடத்தில் உங்கள் குணத்தைச் சொல்கிறேன் என்கிற செயலிகள் கிளி ஜோசியத்துக்குச் சமம். கிளியாவது நெல்லுக்கு வேலை செய்கிறது.

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். வீட்டிலோ தன் மனதிலோ உள்ள ஒரு பாரத்தைப் புரிந்துகொள்ளத்தான் சில பிள்ளைகள் இந்தப் படிப்பைத் தேடி வருகிறார்கள். அது தவறில்லை, ஆனால் அதற்குப் புத்தகம் போதாது. அப்படி ஏதும் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

உறவினர்களுக்கான பதில்: வைத்தியம் பார்த்து மருந்து எழுதும் மனநல மருத்துவராக எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேலும் படிக்க வேண்டும். பி.எஸ்சி. உளவியல் முடித்தவுடன் மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) என்று பலகை மாட்டவும் முடியாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவும் வேண்டும். அந்த அங்கீகாரத்தைக் கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள், கல்லூரியின் விளம்பர அட்டையில் அல்ல.

இரண்டாம் அத்தியாயத்தை முடித்ததும் மகளையே எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அதன் பிறகு பேசுவோம்.