நானே சொந்தமாக எழுதிய திறமூல நிரலுக்குக் காப்புரிமைச் சிக்கல் வருமா?

வரலாம், மூல வரிகளை எவரும் பார்க்கவும் மாற்றவும் அனுமதித்து வெளியிடும் திறமூல நிரலாக இருந்தாலும். பதிப்புரிமை நீங்கள் எழுதிய வரிகளைத்தான் பார்க்கும். பேட்டன்ட் எனப்படும் காப்புரிமை, நிரல் வேலை செய்யும் முறையையே பிடிக்கும். யாருடைய நிரலையும் பார்க்காமல் நீங்களே யோசித்து எழுதியிருந்தாலும், அதே முறைக்கு வேறொருவரிடம் செல்லுபடியாகும் காப்புரிமை இருந்தால் அது மீறல்தான்.

2019-இல் ஷாட்வெல் என்ற இலவசப் புகைப்படச் செயலிக்காக க்னோம் என்ற திறமூல மென்பொருள் அறக்கட்டளை மீது அமெரிக்காவில் காப்புரிமை மீறல் வழக்குப் போட்டார்கள். அறக்கட்டளை பணியவில்லை, நன்கொடை திரட்டி எதிர்த்து நின்றது. 2020-இல் சமரசம் ஆனபோது, வழக்குப் போட்டவர்களின் காப்புரிமைகளிலிருந்து மற்ற திறமூலத் திட்டங்களுக்கும் சேர்த்தே பாதுகாப்பு வாங்கிக்கொடுத்தது. அருமையான காரியம்! ஆனால் தனியாளாக நிரல் எழுதுபவருக்கு அந்தப் பலம் ஏது? ஜெயிக்கக்கூடிய வழக்கைக்கூட நடத்தப் பணம் வேண்டும். என் கவலையே அதுதான்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் நிரலை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3 என்ற இரண்டு உரிமங்களிலும் பங்களிப்பவர்கள் தங்கள் காப்புரிமைக்கு வெளிப்படையாக அனுமதி தருகிறார்கள். எம்ஐடி உரிமத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. வெளியாள் தொடுக்கும் வழக்கை எந்த உரிமமும் தடுக்காது. அதனால் உங்கள் வேலையைத் தேதியோடு பொதுவில் வெளியிட்டு வையுங்கள். பிற்பாடு அதே முறைக்கு ஒருவர் விண்ணப்பித்தால், அது புதிதல்ல என்று காட்ட அதுவே ஆதாரம்.