பந்தைத் தொடாதவன் என்ன கற்றுக்கொள்வான்? வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். ஒன்பதாவது போகும் மகன், பள்ளி ஃபுட்பால் டீமில் சேர்ந்தே தீருவேன் என்கிறான். நம்மூர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். வாழ்க்கைக்கே பாடம் என்கிறார்கள் இங்கே எல்லோரும். அப்படி என்ன பாடம் சார்?
ஒரு தந்தை, டெக்சாஸ்

பதில்: ஒழுக்கம், விடாமுயற்சி என்று கோச்சுகள் சுவரில் எழுதி வைத்திருப்பதை நானும் திருப்பிச் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் கபடியிலும் கிடைக்கும், ஒழுங்காக வீணை பழகினாலும் கிடைக்கும். இந்த ஆட்டத்துக்கே உரிய ஒன்று வேறு இடத்தில் இருக்கிறது. அணிக்கு 11 பேர். பந்து தங்கள் பக்கம் இருக்கும்போது முன்வரிசையில் நிற்கிற ஐந்து லைன்மேன்கள், முன்னோக்கி வீசும் பந்தைப் பிடிக்கவே கூடாது என்பது பொதுவான விதி. எதிராளி பாய்ந்து வருவதை உடம்பால் தடுத்து, பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை வீச இரண்டு மூன்று விநாடி அவகாசம் கிடைக்கச் செய்வதுதான் அவர்கள் வேலை. பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் டச்டவுன் போட்டவன் பெயர் உள்ளூர்ப் பேப்பரில் வரும், இவர்கள் பெயர் வராது. பதற்றத்தில் எதிராளியைப் பிடித்து இழுத்துவிட்டால் மட்டும் அணியே 10 கெஜம் பின்னால் போகும், அப்போது மொத்த கேலரியும் இவனைத்தான் பார்க்கும்! 15 வயதில், தன் முகத்தைத் தானே வீடியோ எடுத்துப் போடுகிற வயதில், இதற்குச் சம்மதிப்பது லேசான காரியமா?

இதைவிடப் பாவம் ஸ்கவுட் டீம் பையன்கள். அடுத்து மோதப்போகும் பள்ளி எப்படி ஆடும் என்பதை வாரம் முழுக்க நடித்துக் காட்டி, மேட்சில் ஆடப்போகும் தங்கள் அணி ஆட்களிடமே இடி வாங்கிக்கொண்டு, வெள்ளி இரவு மேட்சில் ஓரத்தில் நிற்பார்கள். அவர்கள் சரியாக நடிக்காவிட்டால் மேட்சில் ஆடுபவர்கள் தோற்பார்கள்.

கலிஃபோர்னியாவில் டி லா சால் என்று ஒரு பள்ளி. பாப் லடூசர் கோச்சாக இருந்தபோது 1992இல் தொடங்கி தொடர்ந்து 151 ஆட்டங்கள் ஜெயித்தது, 2004இல்தான் அந்த வரிசை அறுந்தது. அங்கே ஒரு பழக்கம் உண்டு. இந்த வாரப் பயிற்சியிலும் மேட்சிலும் நான் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு பையனும் அட்டையில் எழுதி, மொத்த அணியின் முன்னால் வாசித்து, அதை ஒரு சக ஆட்டக்காரன் கையில் கொடுக்க வேண்டும். கோச்சுக்குப் பயந்து ஓடுவது வேறு, பக்கத்தில் நிற்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பது வேறு இல்லையா? அந்தப் பள்ளியில் எனக்குப் பிடித்தது ஸ்கோரைவிட இதுதான்.

ஆனால் ஆட்டம் தானாக எதையும் கற்றுத்தராது, கோச் எப்படியோ அப்படித்தான். ஆகஸ்ட் வெயிலில் பயிற்சி நடக்கும்போது ஒருநாள் போய் ஓரமாக நின்று பாருங்கள். நட்சத்திர ஆட்டக்காரனிடம் எல்லா கோச்சும் இனிமையாகத்தான் பேசுவார், மேட்சில் இறங்கவே வாய்ப்பில்லாத பையனிடம் எப்படிப் பேசுகிறார், தண்ணீர் கேட்டவனை என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள்.

கேள்வி: படிப்பு கெடாதா? காலேஜ் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? (அவரேதான்)

பதில்: உங்கள் மாநிலத்தில் 1984இலிருந்தே ‘பாஸ் இல்லையேல் ஆட்டம் இல்லை’ சட்டம் இருக்கிறது. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் பொதுவாக மூன்று வாரமாவது மேட்ச் ஆட முடியாது, பயிற்சிக்கு மட்டும் வரலாம். ஸ்காலர்ஷிப்பை மறந்துவிடுங்கள். அமெரிக்கா முழுக்கப் பள்ளி அளவில் சுமார் 10 லட்சம் பேர் ஆடுகிறார்கள், கல்லூரி அணிக்குப் போவது ஏறக்குறைய 15 பேரில் ஒருவர்தான், அதிலும் எல்லோருக்கும் பணம் கிடைப்பதில்லை.

கேள்வி: பேரன் மண்டையில் அடிபட்டால்? (அதே வீட்டுப் பாட்டி, கரூர்)

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயம்தான். ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் தலையில் அடிபட்ட பிறகும் அதே மேட்சில் மறுபடி இறங்கி, கடைசியில் மூளையில் ரத்தம் கசிந்து பல வருஷம் முடங்கிப்போனான். அவன் பெயரிலேயே 2009இல் லிஸ்டெட் சட்டம் வந்தது. கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவ அனுமதி எழுத்தில் இல்லாமல் திரும்ப இறக்கக் கூடாது. இப்போது எல்லா மாநிலங்களிலும் இதுபோல் சட்டம் இருக்கிறது. ஆனால் தலை சுற்றுகிறது என்று பையன் வாயைத் திறந்தால்தானே சட்டம் வேலை செய்யும்? வலியை மறைப்பதுதான் வீரம் என்று இந்த ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற பாடமும் உண்டு, அதை அவன் கற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டில் இருப்பவர்கள். அடுத்த முறை போனில் பேசும்போது நீங்களே சொல்லுங்கள், அப்பா சொன்னால் கேட்க மாட்டான். அப்புறம், காயம் பார்க்கும் அத்லெடிக் டிரெய்னர் மேட்ச் நாளில் மட்டுமல்ல, பயிற்சி நாட்களிலும் மைதானத்தில் இருப்பாரா என்று பள்ளியில் கேட்கச் சொல்லி மகனிடம் வற்புறுத்துங்கள். இல்லை என்று பதில் வந்தால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.