எட்வர்டுன்னா என்ன அர்த்தம்?

கேள்வி: கல்யாணமாகி லண்டன்ல இருக்கேன், வீட்டுக்காரர் இங்கிலீஷ்காரர். இப்ப ஏழு மாசம், பையன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. மாமனார் அவரோட அப்பா பேரு எட்வர்டுன்னு வைக்கணும்னு ஆசைப்படறார். திருச்சில எங்கம்மா "அர்த்தமே இல்லாத பேரை எப்படிடி வைப்பே"ன்னு ஃபோன்ல அழறாங்க. என்ன பண்றது?

பதில்: முதல்ல அம்மாவுக்கு ஃபோன் போட்டு எட்வர்டுன்னா செல்வத்தைக் காக்கிறவன்னு சொல்லுங்க. பழைய இங்கிலீஷ்ல ரெண்டு சொல்லைச் சேர்த்துதான் பேரு வைப்பாங்க, இதுல முதல் பாதி செல்வம், நல்வாழ்வு, அடுத்த பாதி காவல், நம்ம ஆஸ்பத்திரி வார்டுன்னு சொல்றோமே அதுவும் அந்தக் காவல்லேந்து வந்த சொல்தான். எட்வின்னா செல்வமும் நண்பனும், எட்மண்டுன்னா செல்வமும் பாதுகாப்பும். அந்த முதல் பாதிச் சொல் இப்ப இங்கிலீஷ் பேச்சுல இல்லாம போயிடுச்சு, அதனால அங்கேயே நிறைய பேருக்கு இந்த அர்த்தம் காதுல விழாது.

இந்தப் பேரு பிழைச்சதே பெரிய விஷயம். 1066ல நார்மண்டிக்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதும் வில்லியம், ராபர்ட், ஹென்றின்னு அவங்க பேருங்க பரவி பழைய பேருங்க பெரும்பாலும் ஒழிஞ்சுபோச்சு. எட்வர்டுன்னு அந்த வருஷம்தான் செத்துப்போன ராஜாவை 1161ல புனிதரா அறிவிச்சாங்க, பின்னாடி வந்த ராஜா மூணாம் ஹென்றிக்கு அவர்மேல அவ்வளவு பக்தி, 1239ல பொறந்த மூத்த பையனுக்கு அந்தப் பேரையே வச்சார். அந்தப் புனிதரோட சமாதி உங்க ஊர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேலதான் இருக்கு.

அர்த்தம் தெரிஞ்சு பேரை ஏத்துக்கறது நம்ம ஊருக்கும் புதுசில்ல. ஜானுக்கு கடவுளோட அருள்னு பொருள், அதான் நம்ம கத்தோலிக்கங்க அருளப்பர்னாங்க, பாலுக்கு சின்னவன்னு பொருள், சின்னப்பர்னாங்க. திருச்சில அம்மாவுக்குத் தெரிஞ்சவங்கள்லயே ஒரு சின்னப்பன் இருப்பார்.

ஆனா மாமனார் ஆசை மட்டும் நிறைவேறி உங்க வீட்டுப் பக்கம் ஒண்ணுமே இல்லாம போறது எனக்குச் சரியாப் படல. உல்ஃப்ஸ்டன்னு இங்கிலாந்துல வூஸ்டர் ஊருக்கு ஒரு பிஷப் இருந்தார், அவரோட அம்மா பேரு உல்ஃப்கிஃபு, அப்பா பேரு ஏதல்ஸ்டன், அம்மாகிட்டேந்து பாதி, அப்பாகிட்டேந்து பாதி எடுத்து அவருக்கு வச்சிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அந்த ஊர் வழக்கம் இது, மாமனார்கிட்ட தைரியமா எடுத்துச் சொல்லுங்க. முதல் பேரு எட்வர்ட், நடுப் பேரு அம்மா சொல்ற தமிழ்ப் பேரு, வீட்ல எதை வேணா கூப்பிடுங்க. இங்கிலாந்துல பிறப்பைப் பதிய 42 நாள் டைம் இருக்கு, குழந்தை முகத்தைப் பாத்துட்டே முடிவு பண்ணலாம்.